சேலைக் கோடு ஏன் நெளிகிறது? வீடியோ ஃபில்டர் சர்க்யூட், அடியிலிருந்து

தக்கலையில் ஸ்டூடியோ வைத்திருக்கிற சித்தி மகன் போன மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கு என் வீட்டுக்கே வந்துவிட்டான். மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்தை யூடியூபில் நேரலையாக விட்டிருக்கிறான், வளைகுடாவில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், படம் எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் பெண்ணின் அத்தை கட்டியிருந்த பொடிக்கோட்டுச் சேலை மட்டும் அவர் அசையும்போதெல்லாம் புழு மாதிரி நெளிந்திருக்கிறது. "அண்ணா, இந்தச் சேலைய பாத்தியளா? கேமரா போச்சோ?" என்றான். கேமரா ஒன்றும் ஆகவில்லை மக்கா என்றேன். ஆனால் ஏன் என்று சொல்ல ஒரு நோட்டும் பேனாவும் தேவைப்பட்டது.

நான் திருவனந்தபுரத்தில் சிப் டிசைன் வேலை பார்க்கிறவன். வீடியோவுக்கான டிஜிட்டல் ஃபில்டர் சர்க்யூட் எழுதுவதுதான் பிழைப்பு. அன்றைக்கு அவனுக்கு நோட்டில் போட்டுக் காட்டியதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு விஷயம். சர்க்யூட்டுக்குப் படம் என்று ஒன்று தெரியாது. அதற்கு வருவது எண்களின் வரிசை. படத்தின் மேல் வரியில் இடமிருந்து வலம், அப்புறம் அடுத்த வரி, அப்புறம் அதற்கடுத்தது என்று ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சமும் ஓர் எண்ணாக, கிளாக் (சர்க்யூட்டுக்குத் தாளம் போடுகிற சிக்னல்) ஒரு தடவை துடித்தால் ஓர் எண் வீதம் வந்துகொண்டே இருக்கும். சுசீந்திரம் தேரோட்டத்தைச் சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரிதான்: அந்த நொடியில் துவாரத்துக்கு நேரே இருப்பது மட்டுமே தெரியும். முன்னால் போனதைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். இந்த "ஞாபகம்" என்கிற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், ஃபில்டர் சர்க்யூட்டில் காசு செலவாவதே அங்கேதான்.

சரி, சேலைக்கு வருவோம். அவனுடைய கேமரா 4கே தருகிறது, அதாவது ஒரு வரிக்கு 3840 பிக்சல். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டி அதை 1920 ஆகச் சுருக்கி லேப்டாப்புக்குக் கொடுக்கிறது. சுருக்குவது என்றால் என்ன செய்ய வேண்டும்? இரண்டு பிக்சலுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் என்ன ஆகிறது பாருங்கள். மிகப் பொடியான கோடு போட்ட சேலை கேமராவில் இப்படி விழுகிறது என்று வைப்போம்:

40, 200, 40, 200, 40, 200, 40, 200

ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் 40, 40, 40, 40. சேலை முழுக்கக் கறுப்பு! அத்தை ஒரே ஒரு பிக்சல் அளவுக்கு நகர்கிறார், வரிசை 200-இல் தொடங்குகிறது, இப்போது எடுத்தால் 200, 200, 200, 200. சேலை முழுக்க வெளுப்பு. உண்மையில் எந்தச் சேலையின் கோடும் பிக்சலோடு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது, துணி மடிந்தும் சாய்ந்தும் இருக்கும். அதனால் ஓரிடத்தில் கறுப்பு, பக்கத்தில் வெளுப்பு, நடுவில் ஏதோ ஒரு சாம்பல் என்று சேலையில் இல்லாத அகலமான பட்டைகள் உருவாகி, ஆள் அசைய அசைய அவையும் ஓடும். அவன் பார்த்த புழு அதுதான். இதை ஏலியாசிங் என்பார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் மரப்பின்னல் சன்னல்களை 4கே-யில் எடுத்து அசட்டையாகச் சுருக்கினாலும் இதே கூத்து நடக்கும்.

இதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு நைக்விஸ்ட், ஷானன் இரண்டு பேரின் பெயரால் வழங்குகிறது. ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை சேர்ந்த ஒரு சுற்றைக் காட்டக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். ஆகவே 3840 பிக்சல் வரியில் அதிகபட்சம் 1920 சுற்று, 1920 பிக்சல் வரியில் 960 சுற்றுதான். அந்த 960-க்கு மேலே உள்ள பொடிக்கோடு எல்லாம் சுருக்கிய பிறகு மறைந்து போகாது, அதுதான் வம்பு. வேறு அகலமான கோடாக வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வரும். காலத்திலும் இதே கதைதான். நிமிடத்துக்கு 360 சுற்று சுற்றுகிற மூன்று இறக்கை மின்விசிறி என்றால் நொடிக்கு 18 இறக்கை ஓரிடத்தைக் கடக்கும், வீடியோவோ நொடிக்கு 25 படம்தான் எடுக்கிறது, அதனால் விசிறி பின்னால் சுற்றுகிற மாதிரி தெரியும். முப்பந்தல் காற்றாலைகள் அப்படித் தெரிவதில்லை, ஏனென்றால் அவை அவ்வளவு மெதுவாகச் சுற்றுகின்றன.

வேஷம் போட்ட பிறகு கண்டுபிடிக்கவே முடியாது என்பதைக் கவனியுங்கள். 40, 40, 40, 40 என்று கையில் வந்த பிறகு அது கோட்டுச் சேலையா, வெறும் கறுப்புச் சேலையா? எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. அதனால் தூக்கிப் போடுவதற்கு முன்பே பொடிக்கோட்டைக் கரைத்துவிட வேண்டும். அந்தக் கரைக்கிற வேலைக்குத்தான் ஃபில்டர்.

எப்படிக் கரைப்பது? ஒவ்வொரு பிக்சலையும் அதன் அக்கம்பக்கத்தோடு கலந்துவிட்டால் ஆச்சு. இடதில் உள்ளது ஒரு பங்கு, தான் இரண்டு பங்கு, வலதில் உள்ளது ஒரு பங்கு, மொத்தத்தை 4-ஆல் வகுக்க வேண்டும். 40, 200, 40 என்று இருக்கிற இடத்தில் 40 + 400 + 40 = 480, அதில் கால் பங்கு 120. 200, 40, 200 என்று இருக்கிற இடத்தில் 200 + 80 + 200 = 480, அங்கும் 120. இப்போது ஒன்று விட்டு ஒன்று எடுங்கள், எங்கே தொடங்கி எடுத்தாலும் 120 தான். தூரத்தில் நின்று பார்த்தால் அந்தச் சேலை கண்ணுக்கு எப்படிச் சாம்பலாகத் தெரியுமோ, அப்படியே. அத்தை ஆடட்டும், ஓடட்டும், சேலை நெளியாது.

இந்த 1, 2, 1 தான் ஃபில்டரின் கெழுக்கள். கெழுக்களை மாற்றினால் ஃபில்டரின் குணமே மாறிவிடும். கலக்காமல் எதிர்த்திசையில் தள்ளினால், உதாரணமாக -1, 6, -1 என்று வைத்து 4-ஆல் வகுத்தால், அது படத்தைக் கூர்மையாக்கும். 40, 40, 40, 200, 200, 200 என்கிற ஓரத்தில் போட்டுப் பாருங்கள், 40, 40, 0, 240, 200, 200 என்று வரும். இருட்டுப் பக்கம் இன்னும் இருட்டாக, வெளிச்சப் பக்கம் இன்னும் வெளிச்சமாக ஓரம் துடித்து நிற்கும். டிவியில் ஷார்ப்னஸை ஏற்றினால் ஆட்களைச் சுற்றி வெள்ளைக் கோடு வருகிறதே, அதுதான் இது. என்னைக் கேட்டால் அந்த செட்டிங்கை எல்லார் வீட்டு டிவியிலும் குறைத்து வைக்க வேண்டும், யாரும் கேட்பதில்லை.

இப்போது 1, 2, 1-ஐ சர்க்யூட்டாக்குவோம். எண்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, நமக்கோ ஒரே நேரத்தில் அடுத்தடுத்த மூன்று வேண்டும். அதனால் இரண்டு ரெஜிஸ்டர்களைத் தொடராக வைக்கிறோம். ரெஜிஸ்டர் என்பது ஓர் எண்ணை ஒரு கிளாக் நேரம் பிடித்து வைத்திருக்கிற பெட்டி. இப்போது வந்த எண், முதல் பெட்டியில் போன எண், இரண்டாம் பெட்டியில் அதற்கு முந்தைய எண், ஆக மூன்றும் கையில் இருக்கின்றன. நடுவில் உள்ளதை 2-ஆல் பெருக்க, பெருக்கி, அதாவது பெருக்கல் போடுகிற சர்க்யூட், எதுவும் வேண்டாம்: இரும எண்ணில் இரண்டால் பெருக்குவது என்பது கம்பிகளை ஓரிடம் தள்ளி இணைப்பதுதான். 4-ஆல் வகுப்பது கடைசி இரண்டு பிட்டை, அதாவது இரும இலக்கத்தை, விட்டுவிடுவது. மொத்தச் செலவு இரண்டு ரெஜிஸ்டர், இரண்டு கூட்டி (கூட்டல் போடுகிற சர்க்யூட்). இவ்வளவுதான் உங்கள் முதல் வீடியோ ஃபில்டர்!

ஒரே ஒரு சின்ன நுணுக்கம். கடைசி இரண்டு பிட்டை அப்படியே வெட்டினால் விடை எப்போதும் கீழ்ப்பக்கமாகவே குறையும், சராசரியாக 0.375 அளவு. ஒரு ஃபில்டரில் யாருக்கும் தெரியாது, பத்து ஃபில்டர் வரிசையாக இருந்தால் படம் லேசாக மங்கும். வெட்டுவதற்கு முன் 2-ஐக் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும். புதிதாக வருகிற பையன்கள் பாதிப் பேர் இதை விட்டுவிடுவார்கள்.

1, 2, 1 மலிவுதான், ஆனால் அது கொஞ்சம் முரடு. காப்பாற்ற வேண்டிய கோடுகளையும் சேர்த்து மழுக்கிவிடும். எட்டு பிக்சலுக்கு ஒரு சுற்று என்று மெதுவாக ஏறி இறங்குகிற கோடு, சுருக்கிய பிறகும் தாராளமாக நிற்கக் கூடியது. அதைக்கூட 85 சதவீதமாகக் குறைத்துவிடும். அதற்குப் பதில் ஏழு கெழுக்கள் உள்ள ஒன்றைப் பாருங்கள்:

-1, 0, 9, 16, 9, 0, -1, மொத்தத்தை 32-ஆல் வகுக்க வேண்டும்.

இது அதே கோட்டை 94 சதவீதம் காப்பாற்றுகிறது, 40-200-40-200 சேலையை முன்போலவே ஒரே சாம்பலாக ஆக்குகிறது. சர்க்யூட் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு விருந்து. நடுவே உள்ள இரண்டு கெழுக்கள் பூஜ்யம், அங்கே வேலையே இல்லை. இடதும் வலதும் ஒரே மாதிரி இருப்பதால் முதலில் இரண்டையும் கூட்டிக்கொண்டு அப்புறம் ஒரே தடவை 9-ஆல் பெருக்கினால் போதும், அந்த 9-உம் 8-உடன் 1 தான், ஒரு கூட்டி. 16 வெறும் கம்பி. முழு ஃபில்டரிலும் ஒரு பெருக்கிகூட இல்லை! போதாததற்கு, எப்படியும் தூக்கிப் போடப் போகிற பிக்சல்களுக்குக் கணக்குப் போடவே வேண்டாம், எனவே இரண்டு கிளாக்குக்கு ஒரு விடை வந்தால் சரி.

இடமும் வலமும் ஒத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பொடிக்கோடு, பெருங்கோடு எல்லாம் ஒரே அளவு தாமதத்தோடு வெளியே வரும். இல்லையென்றால் ஒரு பொருளின் ஓரம் வலது பக்கமாக இழுபட்டு, மை ஒழுகிய மாதிரி தெரியும். காது இந்தத் தவறை ஓரளவு மன்னிக்கும், கண் மன்னிக்காது. ஆடியோவில் கொடிகட்டிப் பறக்கிற ஐ.ஐ.ஆர். ஃபில்டர்கள், அதாவது தன் பழைய விடையையே திரும்ப எடுத்துக் கலக்கிற வகை, வீடியோவின் ஒரு படத்துக்குள் அதிகம் பயன்படாததற்கு இதுவும் காரணம். படத்துக்குப் படம் புள்ளி இரைச்சலைக் குறைக்க மட்டும் அந்த வகை வரும். பழைய படத்தில் முக்கால், புதியதில் கால் என்று கலப்பார்கள். இருட்டில் எடுத்த பிரதட்சண ஊர்வலத்தில் மெழுகுவர்த்திக்குப் பின்னால் வால் நீள்வதைப் பார்த்திருந்தால், அது இந்தக் கலப்பின் வேலையாக இருக்கலாம்.

எதிர்மறைக் கெழுவில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த ஏழு கெழு ஃபில்டரையே எழுதினேன், விடைக்கு 8 பிட் ஒதுக்கினேன், 0 முதல் 255 வரை. சோதனை வீடியோவில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் இருட்டுச் சுவருக்கு முன்னால் நடந்தார். வேட்டியின் ஓரத்துக்குச் சற்று உள்ளே இரண்டு பிக்சல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு, வெளியே இருட்டில் அதே அகலத்துக்கு வெள்ளைக் கோடு. யார் கரை வைத்துத் தைத்தது என்று யோசித்துக்கொண்டே ஒரு நாள் போயிற்று. ஓரத்தில் ஃபில்டர் லேசாகத் துள்ளும், 255-க்குப் பதில் 263 வரும், 8 பிட்டில் அது சுற்றிக்கொண்டு 7 ஆகிவிடும். இருட்டுப் பக்கம் வருவது -8, அது 248 ஆகிவிடும். நடுக் கணக்குக்கு, எண் நேரா எதிர்மறையா என்று சொல்கிற குறி பிட்டையும் சேர்த்து 15 பிட் கொடுத்து, கடைசியில் எல்லை தாண்டினால் எல்லையிலேயே நிறுத்து என்று ஒரு வரி எழுதினதும் வேட்டி வெளுத்தது. ஒளிபரப்பு முறையில் கறுப்பு 16, வெள்ளை 235 என்று இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டிருப்பதே இந்தத் துள்ளலுக்காகத்தான். அங்கே 0, 255 இரண்டும் வரி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சொல்கிற அடையாளத்துக்கு ஒதுக்கப்பட்டவை. அதனால் ஃபில்டர் விடையை 1-க்கும் 254-க்கும் இடையில் நிறுத்த வேண்டும்.

அடுத்தது வேகம். நொடிக்கு 60 படம் வீதம் 1080 வீடியோ என்றால் கிளாக் 148.5 மெகாஹெர்ட்ஸ், ஒரு பிக்சலுக்குக் கிடைப்பது சுமார் 6.7 நானோசெகண்ட். 4கே-க்கு 594 மெகாஹெர்ட்ஸ், அங்கே ஒரே கிளாக்கில் இரண்டு அல்லது நான்கு பிக்சலாகச் சேர்த்து எடுப்பது வழக்கம். ஏழு எண்களையும் ஒரே மூச்சில் கூட்டி முடிக்க நேரம் போதாது. மார்த்தாண்டம் பக்கத்து முந்திரி ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். வறுப்பவர் ஒருவர், உடைப்பவர் ஒருவர், தோல் உரிப்பவர் ஒருவர், தரம் பிரிப்பவர் ஒருவர். ஒரு கொட்டை எல்லாக் கையும் கடந்து வர நேரம் ஆனாலும் கடைசிக் கையிலிருந்து பருப்பு விழுவது நிற்காது. ஒவ்வொரு கூட்டலுக்கும் நடுவில் ஒரு ரெஜிஸ்டரை வைத்தால் சர்க்யூட்டும் அப்படியே ஓடும். இதற்குப் பைப்லைன் என்று பெயர்.

இதுவரை பேசியது எல்லாம் குறுக்கே. மேலிருந்து கீழேயும் சுருக்க வேண்டுமே, 2160 வரியை 1080 ஆக. இங்கேதான் அந்த ஞாபகச் செலவு. ஒரு பிக்சலுக்கு நேர் மேலே இருக்கிற பிக்சல் முந்தின கிளாக்கில் வரவில்லை, ஒரு முழு வரிக்கு முன்னால் வந்து போய்விட்டது. அதனால் வரியையே சேமிக்க வேண்டும். ஏழு கெழு என்றால் ஆறு வரி. 3840 பிக்சல், 8 பிட், ஆறு வரி, பெருக்கினால் 1,84,320 பிட், அதுவும் வெளிச்சத்துக்கு மட்டும், நிறம் தனி. கணக்குப் போடுகிற பாகத்தைவிட இந்த நினைவகம்தான் சிப்பில் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆனால் முதலில் குறுக்கே சுருக்கிவிட்டு அப்புறம் நெடுக்கே போனால்? சேமிக்க வேண்டிய வரி 1920 பிக்சல்தான், செலவு 92,160 பிட்டாக அப்படியே பாதி. விடை கிட்டத்தட்ட அதேதான். வரிசையை மாற்றினதற்கே பாதிக் காசு மிச்சம், எனக்கு இந்தத் தொழிலில் இன்னமும் சந்தோஷம் தருகிற இடம் இது.

வரியைச் சேமிப்பது டிஜிட்டல் வந்து கண்டுபிடித்ததும் இல்லை. 1982-இல் நம் நாட்டில் கலர் டிவி பால் (PAL) என்கிற ஒளிபரப்பு முறையில் வந்தது, ஒரு வரிக்கு 64 மைக்ரோசெகண்ட். அந்தப் பழைய டிவிக்குள் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு இருக்கும். நிறச் சிக்னலை மீயொலி அலையாக மாற்றி அந்தக் கண்ணாடிக்குள் விட்டால் அது சுவரில் முட்டி முட்டி வெளியே வர ஏறத்தாழ ஒரு வரி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த வரி வந்திருக்கும், இரண்டையும் கலந்து நிறப் பிழையைச் சரிசெய்துகொள்ளும். நினைவக சிப் இல்லாத காலத்தில் கண்ணாடிக்குள் ஒரு வரி ஞாபகம்.

படத்தின் ஓரத்தில் பக்கத்துப் பிக்சலே இல்லையே என்று கேட்டால், ஓரப் பிக்சலையே திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். பூஜ்யம் போட்டால் படத்தைச் சுற்றிக் கறுப்பு வரும்.

நீங்களே செய்து பார்க்க வேண்டுமென்றால் கெழுக்களைப் பைத்தானில் கண்டுபிடித்து, சர்க்யூட்டை விவரிக்கிற மொழியான வெரிலாக்கில் எழுதி, ஒரு சின்ன எஃப்.பி.ஜி.ஏ. (நாம் சொல்கிற சர்க்யூட்டாக மாறிக்கொள்கிற சிப்) போர்டில் ஏற்றலாம். போர்டு இல்லாவிட்டாலும் சிமுலேஷன் போதும். சோதிக்க ஒரு குறுக்குவழி: முழுக்கக் கறுப்பான வரியில் ஒரே ஒரு வெள்ளைப் பிக்சலை மட்டும் அனுப்புங்கள். சுருக்காமல், எல்லையில் நிறுத்தாமல் ஃபில்டரை மட்டும் ஓட்டினால் வெளியே உங்கள் கெழுக்களே அதே விகிதத்தில் வரிசையாக வந்து விழும், எங்கே தப்பு என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் ஸோன் பிளேட் என்று ஒரு சோதனைப் படம் உண்டு, நடுவில் அகலமாகத் தொடங்கி வெளியே போகப் போகப் பொடியாகிற வட்டங்கள். அதைச் சுருக்கிப் பார்க்கும்போது நடுவில் தவிர வேறெங்காவது புதுசாக வட்டம் முளைத்தால் ஃபில்டர் சரியில்லை என்று அர்த்தம்.

தம்பியிடம் கேமரா கார்டில் இருந்த மூல வீடியோவைப் போடச் சொன்னேன். அதில் சேலை ஒரு நெளிவும் இல்லாமல் கோடு கோடாகத் தெளிவாக இருந்தது, ஆக கேமரா வரைக்கும் குற்றம் இல்லை, நடுவில் இருக்கிற அந்தப் பெட்டிதான் ஃபில்டர் போடாமல் பிக்சலைத் தூக்கிப் போடுகிறது. மூலத்திலேயே நெளிந்திருந்தால் லென்ஸை ஒரு துளி ஃபோகஸ் விலக்குவது ஒரு வழி, லென்ஸும் ஒரு ஃபில்டர்தானே. இப்போது அவன் கேமராவிலேயே 1080 என்று வைத்து அனுப்புகிறான், சுருக்குகிற வேலையைக் கேமரா ஒழுங்காகச் செய்துகொள்கிறது. பெட்டியைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருக்கிறான். வாங்குகிறவனிடம் சேலை விஷயத்தைச் சொல்லிவிடு என்றிருக்கிறேன்.